‘லா’ என்று ஒரு மொழி

மல்லசமுத்திரத்துச் சௌந்திரம் கல்யாணமான புதிதிலேயே புருஷனைப் பினாங்குக்கு அனுப்பிவிட்டவள். அங்கே சீனர் அரிசிக்கடையில் வேலை பார்த்த நாச்சிமுத்து 1934-இல் திரும்பி வந்தான். வந்தும் பயனில்லை. பெரியவர்கள் நிறைந்த வீட்டில் இருவரும் நின்று பேசினால் மாமியார் பெரியநாயகி கனைப்பாள்.

ஒருநாள் கிணற்றடியில் நாச்சிமுத்து சொன்னான்: “சீனருக ஒரே சொல்ல ஏத்திச் சொன்னா ஒண்ணு, எறக்கிச் சொன்னா வேறொண்ணு புள்ள.”

“நாமளும் அப்படி ஒண்ணு பண்ணிக்கலாமுங்க மாமா.”

‘லா’வை எடுத்துக்கொண்டார்கள். சமமாக நீட்டினால் ‘பசிக்கிறது’. ஏற்றினால் ‘கிணற்றடிக்கு வா’. இறக்கினால் ‘என்னோடு பேசாதே’. இறக்கி ஏற்றினால் ‘அம்மா பார்க்கிறாள்’. அதில் ‘ங்க’ போட இடமில்லை. புருஷனை ‘வா’ என்று கூப்பிடுவது சௌந்திரத்துக்குக் கிறுகிறுப்பாக இருந்தது.

சிக்கலும் உடனே வந்தது. ‘பசிக்கிறதா’ என்று கேட்டால் குரல் தானாக மேலேறும். நாச்சிமுத்து சோற்றை மறந்து கிணற்றடிக்கு ஓடுவான். கேள்வி என்றால் ‘லாலா’ என்று இரட்டித்துச் சொல்வதென்று சௌந்திரம் விதி செய்தாள். மகனுக்குக் கடல்காற்றில் தொண்டை கெட்டுவிட்டது, மருமகளுக்கும் ஒட்டிக்கொண்டது என்று பெரியநாயகி இருவருக்கும் சுக்குக் கஷாயம் கொடுத்தாள். சிரிப்பை அடக்கிக் குடித்தார்கள்.

ஆட்டையாம்பட்டிச் சந்தைக்குச் சௌந்திரத்தைக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்த நாச்சிமுத்து, ஒருநாள் கூட்டாளியோடு போய்விட்டு வந்தான். மத்தியானம் எல்லோரும் களி தின்றுகொண்டிருந்தபோது ‘என்னோடு பேசாதே’ என்று சொல்ல சௌந்திரம் வாயெடுத்தாள். கோபத்தில் குரல் உச்சிக்குப் போயிற்று. நாச்சிமுத்து முகமெல்லாம் மலர்ந்து, பாதிக் களியோடு கைகழுவிக்கொண்டு ஓடினான். அவள் பின்னாலேயே போய் மறுபடி கத்தினாள். இன்னும் மேலே ஏறியது.

“வந்துதான நிக்கறேன் புள்ள?”

“பேசாதீங்கன்னு சொன்னனுங்க. கோவத்துல கொரலு எறங்கமாட்டீங்குது.”

இருவரும் சிரித்த சிரிப்பில் கிணற்றில் கவலை இழுத்துத் தண்ணீர் இறைத்த மாடுகள் நின்றுவிட்டன. பின்னாலேயே வந்த பெரியநாயகியும் ஏனென்று தெரியாமலே சிரித்தாள்.

“எங்க வேணாப் பேசுங்க சாமி,” என்றாள் மூச்சு வாங்க. “ஆனா மனுசங்க மாதிரிப் பேசுங்க.”

அதன்பிறகு சண்டையெல்லாம் தமிழில்தான். பொங்கலுக்குள் ‘லே’யும் சேர்ந்தது. அதன் ஏற்ற இறக்கங்களைச் சௌந்திரம் பால் கறக்கும்போது பழக, எருமை மிரண்டு செம்பை உதைத்துத் தள்ளியது.