ஆள் நேரில் வரவேண்டும்

பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் எழுத்தராக இருந்த சிவசைலம் பிள்ளைக்கு ஏதாவது ஒரு கேள்வி கேட்காவிட்டால் சோறு இறங்காது. திருநெல்வேலி டவுனிலிருந்து வேலைக்குப் போகும் பேருந்தில் 'கரம் சிரம் புறம் நீட்டாதீர்கள்' என்று எழுதியிருப்பதைக் காட்டி நடத்துநரிடம், "சிரத்துல ஏதாவது இருக்கவன் வெளிய நீட்டுவானாவே? ஒண்ணுமில்லாதவன் இதைப் படிப்பானாவே?" என்பார்.

வீட்டிலும் அப்படித்தான். "ஏளா அன்னம், நேத்து வச்ச குழம்புதான் ருசின்னா, இன்னைக்கு வைக்கிறதை நேத்தே வச்சிருக்கலாம்லா?"

அன்னத்தாய் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள். மகன் குருபிரசாத் சிரிக்காமல் பதில் சொல்வான். "வச்சிருந்தா நேத்தே தின்னு தீத்திருப்பீங்களே அப்பா." வீட்டில் ஒரே பிள்ளை அவன். அவருடைய கேள்விகளை மதித்துப் பதில் சொன்ன ஒரே ஆளும் அவன்தான்.

தொண்ணூற்றிரண்டு ஐப்பசிக் கடைசியில் தாமிரபரணி பொங்கியது. குருபிரசாத்துக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பட்டம் வாங்கி, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுச் சும்மா இருந்தான். குறுக்குத்துறைப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் ஏறுகிறது என்று கேள்விப்பட்டு ஓடினான். ஒரு கிழவியைத் தூக்கி வந்து கரையில் விட்டான். அவள் ஆட்டைக் கட்டிப்போட்டு வந்துவிட்டதாகச் சொல்லி அழவும், அதை அவிழ்க்கத் திரும்பிப் போனான். சுவர் விழுந்ததைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். அதன் பிறகு அவனைப் பார்த்தவர்கள் யாருமில்லை.

சிவசைலம் ஆற்றோரமாகவே ஆழ்வார்திருநகரி வரை தேடினார். புன்னக்காயலில் கடலுக்குப் போகிறவர்களிடம் மகனுடைய சட்டையின் நிறத்தைச் சொல்லிவிட்டு வந்தார். உடல் கிடைக்கவில்லை.

உடல் இல்லாததால் இறப்புச் சான்றிதழ் இல்லை. ஏழு வருஷம் போகட்டும், இறந்ததாக அறிவிக்கச் சொல்லி நீதிமன்றத்துக்குப் போகலாம் என்றார்கள். அன்னத்தாய்க்கு அந்தப் பேச்சே ஆகாது. தொண்ணூற்று நாலில் வேலைவாய்ப்புப் பதிவைப் புதுப்பிக்க வேண்டிய மாதம் வந்தபோது, "விட்டுப் போச்சுன்னா பிள்ளை வந்து ஏசுவான்," என்று அட்டையை எடுத்து நீட்டினாள். அவர் மறுபேச்சுப் பேசாமல் தபாலில் அனுப்பினார்.

மறுவருஷம் வாக்காளர் அட்டைக்குப் படம் எடுக்க ஒருவர் வீடு வீடாகச் சீட்டுக் கொடுத்துக்கொண்டு வந்தார். "குருபிரசாத் யாரு? வரச் சொல்லுங்க."

"வெள்ளத்துல போயிட்டான்."

"அப்ப சான்றிதழைக் காட்டுங்க, பேரை எடுத்திருதேன்."

"அது இல்லை."

"அப்ப உயிரோட இருக்காருன்னு வச்சுக்கிடவா?"

முன்பென்றால் அந்த ஒரு கேள்வியை வைத்தே சிவசைலம் ஒரு மாதம் ஊரைச் சிரிக்கவைத்திருப்பார். அன்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளேயிருந்து அன்னத்தாய், "வெளியூர் போயிருக்கான்னு எழுதும்யா," என்றாள்.

தொண்ணூற்றேழில் குருபிரசாத் பேருக்கு நேர்முகத் தேர்வுக் கடிதம் வந்தது. ஒரு அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர் வேலை. அசல் சான்றிதழ்களோடு நேரில் வரவேண்டும். வரமுடியாது என்று எழுதிப் போட்டால் போதும். ஆனால் சிவசைலம் சலவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். நேரில் சொல்வதுதான் மரியாதை என்றார் மனைவியிடம்.

கூடத்தில் இளவட்டங்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். வாசலில் நின்ற பணியாளர் பட்டியலைப் பார்த்து உரக்கக் கூப்பிட்டார்: "எஸ். குருபிரசாத்!"

அந்தப் பேரை அப்படிச் சத்தமாக யாரும் கூப்பிட்டு ஐந்து வருஷமாகிறது. வீட்டில் அதைச் சொன்னால் மற்றவர் அழுதுவிடுவார் என்று இருவருமே சொல்வதில்லை. சிவசைலம் எழுந்தார்.

"நீங்களா?" என்றார் பணியாளர்.

"அவன் அப்பா."

"அவரு எங்க?"

சிவசைலம் வாசலைப் பார்த்தார். "சார், இன்னொரு தடவை கூப்பிடுதீங்களா?" என்றார்.

மகன் வெளியே நிற்கிறான் என்று நினைத்துக்கொண்டார் அந்த மனிதர். வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்து இன்னும் சத்தமாக இரண்டு முறை கூப்பிட்டார். பிறகு அடுத்த பேருக்குப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து அன்னத்தாயிடம் நடந்ததைச் சொன்னார். அவள் அரிசி களைந்த கையைத் துடைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"முழுப் பேரும் சொன்னாங்களா?"

"முழுசாத்தான்."

"மூணு தடவையுமா?"

"ஆமா."

"தெருவுல யாரும் திரும்பிப் பாக்கலையா?"

அவர் இல்லை என்று தலையசைத்தார். அன்னத்தாய் அங்கனயே தரையில் உட்கார்ந்து அழுதாள். ஐந்து வருஷத்தில் அவள் அப்படி வாய்விட்டு அழுததில்லை. சிவசைலம் பக்கத்தில் உட்கார்ந்தார்.

தொண்ணூற்றொன்பது மார்கழியில் இருவரும் வக்கீலிடம் போனார்கள். அன்னத்தாய்தான் முதலில் கிளம்பியவள். அடையாளம் கேட்ட வக்கீலிடம் இடது புருவத் தழும்பையும், நடையையும், சட்டையின் மேல் பொத்தானை ஒருநாளும் போடமாட்டான் என்பதையும் சொன்னாள். வயது கேட்டபோது இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இருபத்திரண்டு," என்றார் சிவசைலம்.

அன்னத்தாய் பேனாவை வாங்கி, வக்கீல் காட்டிய இடத்தில் பைய ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டாள்.