லிஃப்ட் மெக்கானிக்கின் இடது முட்டி

லிஃப்ட் ரிப்பேர் என்பது மாடிப்படி ஏறுகிற தொழில். நம்பச் சிரமமாக இருக்கும், ஆனால் யோசித்துப் பாருங்கள்: லிஃப்ட் நன்றாக ஓடுகிற கட்டடத்துக்கு எங்களை யார் கூப்பிடப் போகிறார்கள்? நின்றுபோனால்தான் கூப்பிடுவார்கள். அதன் மெஷின் ரூமோ மொட்டைமாடிக்கும் மேலே உட்கார்ந்திருக்கும். தோளில் இரும்புச் சாமான் பையை மாட்டிக்கொண்டு அத்தனை மாடியும் நடந்துதான் ஏற வேண்டும். ஆகவே, மாடிப்படியைக் கண்டதும் கைப்பிடிச் சுவர் எந்தப் பக்கம் என்று தேடுகிற அன்பர்களே, நான் உங்கள் ஆள்.

செம்பூரில் விழுந்தேன்

மும்பை மழைக்காலம். செம்பூரில் உயரமான ஒரு கட்டடம். காலையிலிருந்து நின்றுகிடந்த லிஃப்டை மதியம் ஓடவைத்துவிட்டேன். கதவு திறந்ததுதான் தாமதம், காய்கறிப் பையும் குழந்தை வண்டியுமாகக் காத்திருந்தவர்கள் எல்லாரும் உள்ளே புகுந்துவிட்டார்கள். நான் சரிசெய்த லிஃப்டில் எனக்கு இடமில்லை. சரி, இறங்குவதுதானே என்று படியில் கால் வைத்தேன். யாரோ குடையை உதறிவிட்டுப் போயிருந்த ஈரம். இடது பாதம் ஒரு பக்கம் போக, உடம்பு இன்னொரு பக்கம் திரும்பியது. முட்டிக்குள்ளே ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்டது. வலி அதற்குப் பிறகுதான் வந்தது.

சுவரோரம் சாய்ந்துகிடந்தேன். வியர்த்துக் கொட்டியது. கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற சொஸைட்டி செக்ரெட்டரி மேல்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். அறுபது வயதுத் தமிழர், நல்ல மனிதர், தீபாவளிக்கு எங்களுக்கு ஸ்வீட் பாக்ஸ் கொடுக்கிறவர். பதறிக்கொண்டே இறங்கி வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: “ஐயையோ, ரொம்ப அடியா? அது கிடக்கட்டும், லிஃப்ட் ஓடுதுல்ல?”

சாவந்த் சொன்னான்

முட்டிக்குள்ளே இருக்கிற ஒரு நார் அறுந்துவிட்டது என்றார் டாக்டர். ஆபரேஷன் ஆனது. தையல் ஆறியது, வீக்கம் வடிந்தது, வாக்கரையும் திருப்பிக் கொடுத்தாயிற்று. ஆனால் தட்டையான தரையில் நடந்துபோகும்போதே திடீரென்று முட்டி பிடியை விட்டுவிடும். முன்கூட்டி ஒரு தகவலும் கிடையாது. ஒரு நொடி அங்கே கால் என்று ஒன்று இருந்ததே சந்தேகமாகிவிடும். அந்த ஒரு நொடிக்குத்தான் நான் பயந்தேன். எங்கள் வேலையில் ஒருவன் லிஃப்ட் கூண்டின் கூரைமேல் நிற்பான். இன்னொருவன் அடியில் இருக்கும் குழியில் இறங்கி வேலை பார்ப்பான். மேலே நிற்கிறவன் கையில்தான் கூண்டை ஏற்றி இறக்குகிற பொத்தான் இருக்கும். நின்ற இடத்தைச் சுற்றி இடைவெளி, கிரீஸ், இருட்டு. அங்கே முட்டி விட்டால், விழுகிறவன் எதைப் பிடிப்பான், எதை அழுத்துவான் என்று யாருக்குத் தெரியும்?

சூப்பர்வைசர் கிறிஸ்துமஸ் வரைக்கும் பார்ப்பதாகச் சொல்லிவிட்டார். அதற்குள் சரியாகாவிட்டால் கம்பெனியின் வாஷி கோடவுனில் உட்கார்ந்து ஸ்பேர் பார்ட்ஸ் எடுத்துக் கொடுக்க வேண்டியதுதான். கோடவுன் ஒன்றும் கேவலமில்லை. ஆனால் இருபது வருஷமாக லிஃப்ட் ஏறி இறங்குகிற ஷாஃப்டில், அந்த இருட்டுக் கிணற்றில், வேலை பார்த்தவனுக்கு அது, உயிரோடு இருக்கும்போதே போட்டோவுக்கு மாலை போடுகிற மாதிரி. இருந்தாலும் சூப்பர்வைசரைவிட என்னைக் கலக்கியவன் சாவந்த். என் ஜோடி அவன்தான். மராட்டிக்காரன், மாட்டுங்கா லேபர் கேம்பில் தமிழ்ப் பிள்ளைகளோடு வளர்ந்ததால் தமிழ் நம்மைப்போலவே பேசுவான். வாழைப்பழச் சீப்போடு தாராவி வீட்டுக்கு வந்தவன், சாயாவைக் குடித்து முடித்தான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: “கோவிச்சுக்காத அண்ணா. நீ மேல நின்னா நான் கீழ எறங்க மாட்டேன். எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு.”

தண்ணீரில் நடந்தேன்

மாட்டுங்காவில் வித்யா என்று ஒரு பிசியோதெரபிஸ்ட். பாலக்காட்டுக் குடும்பம். குரல் மெதுவாக இருக்கும், பிடி இரும்பாக இருக்கும். முட்டியை மட்டும் மடக்கி நீட்டிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, ஒரே வேலையைச் செய்தால் கால் அந்த ஒன்றைத்தான் படிக்கும் என்றார். ஒருநாள் நீச்சல் குளத்துக்குள் நடை, ஒருநாள் சைக்கிள், ஒருநாள் தலையணைமேல் ஒற்றைக்காலில் நிற்பது, ஒருநாள் தொடையில் ரப்பர் பட்டையை மாட்டிக்கொண்டு நண்டுபோல் பக்கவாட்டில் நடப்பது. கடைசியாக, “கொஞ்சம் தேறினதும் ஞாயித்துக்கிழமைல மலைக்குப் போகணும். ஏறறதுக்கு இல்லை, எறங்கறதுக்கு” என்றார். 

முதலில் குளம். நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் தாராவி. எனக்குத் தெரிந்த தண்ணீர் குழாயில் வருகிற தண்ணீர்தான். செம்பூர் குளத்தில் நெஞ்சளவு ஆழத்தில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உயிர் போகிற மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டு நடந்தேன். பக்கத்தில் பேசிக்கொண்டே நடந்த மாமிகள் கூட்டம் என்னை முந்திப் போய்த் திரும்பி வந்து மறுபடி முந்தியது. அவர்களில் ஒருவர் நின்று என்னை உற்றுப் பார்த்தார். தைரியம் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். “நீங்க எங்க பில்டிங் லிஃப்ட்காரர்தானே? மூணாவது மாடிகிட்ட ஒரு சத்தம் வரது. நீங்க பாட்டுக்கு நடங்கோ, நான் கூடவே நடந்துண்டு சொல்றேன்.”

ஜெபா முன்னால் நின்றாள்

எங்கள் வீடு தாராவியில் புதிதாகக் கட்டிய கட்டடத்தில் ஏழாவது மாடி. அதன் லிஃப்ட் எங்கள் கம்பெனியுடையது அல்ல. அது தெரிந்தோ என்னவோ பாதி நாள் நின்றுவிடும். ஏறுவது எனக்குப் பிரச்சினையாகத் தெரியவில்லை. மூச்சு வாங்கினால் நின்று போகலாம். இறங்குவதுதான் கிலி. நல்ல கால் மேல்படியில் இருக்க, கெட்ட காலைக் கீழே அனுப்பி, அதை நம்பி உடம்பைக் கொடுக்க வேண்டும். நான் கொடுக்க மாட்டேன். கைப்பிடியைக் கட்டிக்கொண்டு நிற்பேன். பின்னால் தண்ணீர்க் கேன் சுமந்து வருகிறவர்கள் “பாஜூ, பாஜூ” என்று வழிவிடச் சொல்லிக் கத்துவார்கள்.

என் மனைவி ஜெபா சமையலை அப்படியே விட்டுவிட்டு வந்து, எனக்கு ஒரு படி கீழே, என் பக்கம் முகத்தைத் திருப்பி நின்றாள். என் தோளுக்குக் கூட வரமாட்டாள். நான் விழுந்தால் இரண்டு பேரும் சேர்ந்துதான் போவோம். போ உள்ளே என்று கத்தினேன். கோபமெல்லாம் இல்லை, பயம்தான் கோபமாக வந்தது. அவள் நகரவில்லை. நான் ஒரு படி இறங்க, அவள் ஒரு படி பின்னால் இறங்க, இப்படியே தினம் சாயங்காலம் நடந்தது. அவள்மேல் விழக்கூடாது என்ற ஒரே எண்ணத்தில் முட்டியை நம்ப ஆரம்பித்தேன் என்று நினைக்கிறேன். அவளிடம் அதைச் சொன்னதில்லை. முதல்நாள் அவள் சொன்னது மட்டும் அப்படியே நினைவிருக்கிறது: “விழுந்தா எம் மேலதான விழுவிய? விழுங்க, பாத்துக்கிடலாம். சோத்துப் பானை அடுப்புல இருக்கு, சீக்கிரம் எறங்குங்க.”

கம்பியைச் சோதித்தேன்

எங்கள் சர்ச் வாலிபர்கள் மாதத்துக்கு ஒருமுறை கர்ஜத் பக்கம் மலை ஏறப் போவார்கள். கூட்டிப்போகிறவள் டோம்பிவிலியில் இருக்கும் பிரின்ஸி, ஐடி கம்பெனி வேலை. முதலில் சின்னக் குன்றாகத்தான் போனோம். அங்கேயும் ஒரு பாறைச் சரிவு இருந்தது. பிடித்து ஏறுவதற்காக இரும்புக் கம்பிவடம் கட்டியிருந்தார்கள். எல்லாரும் அதைப் பிடித்துக்கொண்டு சிரித்துப் பேசியபடி ஏறினார்கள். என்னால் முடியவில்லை. கம்பிவடத்தைக் கண்டால் சும்மா பிடிக்கிறவன் லிஃப்ட்காரன் கிடையாது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு இழை இழையாகத் தடவிப் பார்த்தேன். எங்கெல்லாம் துரு, எங்கெல்லாம் இழை அறுந்திருக்கிறது, பாறையில் அடித்த கொக்கி ஆடுகிறதா. கொக்கி லேசாக ஆடியது. அவ்வளவுதான். முட்டிக்குப் பயந்தது போதாதென்று இப்போது கொக்கிக்கும் பயம்.

பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. வெயில் ஏறியது. நான் கம்பிவடத்தைத் தொடாமல், தவழ்ந்து, பாறையைக் கட்டிப்பிடித்தே ஏறினேன். இறங்கும்போது உட்கார்ந்தே வந்ததில் பேண்ட்டின் பின்பக்கம் மலைக்குக் காணிக்கையானது. நான் கொக்கியை ஆட்டிக்கொண்டிருந்தபோது வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: “அங்கிள், ஏறப் போறீங்களா, இல்ல இதுக்கும் சர்வீஸ் கான்ட்ராக்ட் போடப் போறீங்களா?”

மலை கத்தியது

அடுத்த மாதம் கொஞ்சம் பெரிய மலை. ஏறியாயிற்று. உச்சியில் சப்பாத்தியும் ஊறுகாயும் தின்றாயிற்று. இறங்கும்போது மேகம் வந்து மூடிவிட்டது. முன்னால் போகிறவர்களின் குரல் கேட்டது, ஆள் தெரியவில்லை. நான் கடைசி. சரளைக்கல் சரிவு, இடதுபக்கம் பள்ளம். எவ்வளவு ஆழம் என்றும் தெரியவில்லை. எனக்கு அது லிஃப்ட் ஷாஃப்டேதான். என் பயத்துக்குள் இத்தனை மாதமாக இருந்த அதே இருட்டு, இங்கே வெள்ளையாக.

முட்டி அங்கேதான் விட்டது. கல் உருண்டது, கால் காணாமல் போனது, நான் கத்தினேன். அடுத்த நொடி பார்த்தால், நின்றுகொண்டிருக்கிறேன். வலது கால் தானாகவே அகல ஊன்றியிருந்தது. இடுப்பு இறுகியிருந்தது. கைகள் பக்கவாட்டில் விரிந்திருந்தன. நண்டுநடையும் தலையணையும் குளமும் என்னைக் கேட்காமலே கூடிப் பேசி ஒரு ஏற்பாடு செய்து வைத்திருக்கின்றன. முட்டி விட்டது, ஆனால் நான் விழவில்லை. அழுகை வந்துவிட்டது. அந்த மேகத்துக்குள் யாரும் பார்க்கவில்லை என்று தைரியமாகவே அழுதேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு கீழே போனால் பிரின்ஸி நின்றிருந்தாள். கத்தினது நீங்களா என்று கேட்டாள். இல்லையே என்றேன். அவள் தலையாட்டிவிட்டுச் சொன்னாள்: “ஓகே அங்கிள். அப்ப மலைதான் ‘இயேசப்பா’ன்னு கத்துச்சு போல.”

மேலே நின்றேன்

டிசம்பரில் ஒருநாள், எனக்குப் பதிலாகச் சாவந்தோடு வேலை பார்க்கும் புது ஆள் லீவு. மாட்டுங்காவில் பழைய கட்டடம் ஒன்றில் லிஃப்ட் நின்றுவிட்டது. வேறு ஆள் இல்லாததால் சூப்பர்வைசர் எங்கள் இருவரையும் அனுப்பினார்.  உள்ளே மாட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவரை வெளியே எடுத்தோம். பேங்க்கில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவராம், வீட்டுக்குப் போகாமல் வேடிக்கை பார்க்க நின்றுவிட்டார். கோளாறு குழிக்குள் இருந்தது. ஒருவன் கீழே இறங்கியே ஆக வேண்டும். குழியில் இறங்குவது எனக்கும் தெரியும், ஆனால் அந்த வேலையில் அவன்தான் கெட்டிக்காரன். இரண்டு பேருக்கும் அது தெரியும்.

சாவந்த் என் முட்டியைப் பார்த்தான். “ஒத்தக் கால்ல நில்லு” என்றான். நடைபாதையில், பெரியவர் பார்க்க, நின்றேன். “கண்ணை மூடு” என்றான். மூடினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கண்ணைத் திறந்தபோது அவன் குழிக்கு இறங்கும் ஏணியில் இருந்தான். நான் கூண்டின் கூரைமேல் அடியெடுத்து வைத்தேன். முட்டி அசையவில்லை. ஆனாலும் இடது கையால் கூரைக் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டேன்.  முட்டி விட்டாலும் நிற்க எனக்குத் தெரியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்; பயம் அதைக் காதில் வாங்கவே இல்லை. கீழே இருட்டிலிருந்து அவன் குரல் வந்துகொண்டே இருந்தது. “நிக்கிறியா?” “நிக்கேன்.” கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, “நிக்கிறியா?” “நிக்கேம்ல.” அவன் சொல்லச் சொல்ல, கூண்டை விரல் அளவு விரல் அளவாக இறக்கினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக எந்த லிஃப்டையும் இறக்கியதில்லை.

அவன் மேலே ஏறி வந்தபோது சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. குழியில் தண்ணீரா என்று குனிந்து பார்த்தேன். குழி காய்ந்துதான் கிடந்தது. முகத்தைத் துடைத்தான், கையைத் துடைத்தான், அந்தத் துணியை என்னிடம் கொடுத்தான். பெரியவர் லிஃப்ட் ஓடுமா என்று கேட்டார். சாவந்த் என்னைப் பார்த்துத்தான் பேசினான்: “நாளைக்கு முலுண்ட்ல வேலை இருக்கு, அண்ணா. நீ மேல நில்லு, நான் கீழ எறங்கறேன்.”

ஆக, என் இனத்து முட்டிக்காரர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: கால் சொன்னால் கேட்டுக்கொள்கிறது, பயத்தைத்தான் இன்னமும் மாதாமாதம் மலைக்குக் கூட்டிப்போய் நடத்தி இறக்க வேண்டியிருக்கிறது.