குலச் சங்கத்தின் மருமகள்

லண்டனில் ஸ்கொட்லாந்துக் குலம் ஒன்றின் சங்கத்துக்கு நான் செயலாளர் என்று சொன்னால், கேட்பவர்கள் முதலில் என் முகத்தைப் பார்ப்பார்கள். பிறகு தங்களுக்குத்தான் சரியாகக் கேட்கவில்லை என்று முடிவு செய்வார்கள். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். தெற்கு லண்டனில், சட்டன் என்ற இடத்தில் ஒரு மருந்துக் கடையில் மருந்தாளராக வேலை செய்கிறேன். கணவர் இங்கே பிறந்த வெள்ளைக்காரர். அவருடைய குடும்பப் பெயர் ஸ்கொட்லாந்து மலைநாட்டுக் குலம் ஒன்றின் பெயர். கல்யாணத்தோடு அது எனக்கும் வந்தது. அதை இங்கே எழுதப்போவதில்லை. அந்தப் பெயரை வைத்துப் போதுமான அளவு சண்டை ஏற்கெனவே நடந்துவிட்டது.

கணவருக்குக் குலத்தில் அக்கறை இல்லை. அவர் பங்கையும் சேர்த்து மாமாவே அக்கறைப்பட்டார். என் மாமனார் குரோய்டனில் பிறந்து, குரோய்டனில் படித்து, ரயில்வேயில் பொறியாளராக இருந்து, குரோய்டனிலேயே ஓய்வு பெற்றவர். ஸ்கொட்லாந்துக்குப் போனால் அங்குள்ள சின்னப் பூச்சிகள் கடிக்கின்றன என்று ஒரு வாரத்தில் திரும்பிவிடுவார். ஆனால் குலச் சங்கத்தின் லண்டன் கிளைக்கு அவர்தான் தலைவர். அவருடைய பாட்டனாரின் பாட்டனார் எந்தப் பள்ளத்தாக்கில் எத்தனை மாடு வைத்திருந்தார் என்று கேட்டால் சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார்.

என்னை முதன்முதலில் வீட்டுக்கு அழைத்துப் போனபோது மாமா தேநீரைக் கையில் கொடுத்துவிட்டு, உங்கள் ஆட்கள் எந்தக் குலம் என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இந்தக் கேள்வியிலிருந்து தப்புவது வெள்ளைக்காரரைக் கட்டுவதில் கிடைக்கப்போகும் நன்மைகளில் ஒன்று என்று நினைத்திருந்தேன். சமாளித்துக்கொண்டு என் ஊரின் பெயரைச் சொன்னேன். மாமா தலையை ஆட்டி, ஒரே இடத்து ஆட்கள், ஒருவரையொருவர் தெரிந்தவர்கள், அப்படித்தானே என்றார். அப்படித்தான், ஒருவரோடொருவர் கதைக்காமலும் இருப்பார்கள் என்றேன். அவருக்கு என்னைப் பிடித்துப்போனது.

சில வருடங்களில் மாமாவின் கண் பார்வை குறைந்தது. கார் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சங்கக் கூட்டங்களுக்கு அவரை ஏற்றி இறக்கும் வேலை எனக்கு வந்தது. முதல் கூட்டத்தில் பின்வரிசையில் இருந்தேன். இரண்டாவதில் தேநீர் ஊற்றினேன். பிறகொரு கூட்டத்தில், ஆண்டு விருந்துக்கு மண்டபத்தை யார் பதிவு செய்வது என்று எல்லோரும் நீண்ட நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொறுக்க முடியாமல், நான் செய்கிறேன் என்றேன். அந்த வருட முடிவில் நான் செயலாளர்.

சங்கத்தின் வேலை என்று பெரிதாக ஒன்றுமில்லை. வருடத்தில் ஒரு விருந்து. அதில் ஆட்டின் ஈரலையும் இதயத்தையும் ஓட்ஸோடு சேர்த்து அவித்த ஹாகிஸை, பையை ஊதி வாசிக்கும் பைப் வாத்தியம் முன்னால் போக, சாமி தூக்குவது போலத் தூக்கி வருவார்கள். மற்ற நாட்களில் குலத்தின் கட்டம் போட்ட துணியில் வரும் பச்சை எந்தப் பச்சை என்று விவாதிப்பார்கள். இருண்ட பச்சைக்காரர் ஒரு பக்கம், வெளிறிய பச்சைக்காரர் மறு பக்கம். கனடாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வேர் தேடி வருபவர்கள் எனக்குத் தொலைபேசி எடுப்பார்கள். என் குரலைக் கேட்டதும், ஸ்கொட்லாந்து உச்சரிப்பு இவ்வளவு வித்தியாசமாக இருக்கும் என்று தெரியாது என்பார்கள். நான் திருத்துவதில்லை.

என்னைத் திருத்தப் பார்த்தவர் என் அண்ணைதான். அவர் எங்கள் ஊர்ச் சங்கத்தின் லண்டன் கிளைத் தலைவர். வெஸ்ட் ஈலிங் கோயில் வாசலில் ஒரு நாள் பிடித்துக்கொண்டார்.

"எங்கட சங்கத்துக்கு வா எண்டால் நேரமில்லை எண்டுறாய். வெள்ளைக்காரன்ர சங்கத்துக்குச் செயலாளரோ? அதென்ன சங்கம்?"

"ஒரே பேர் உள்ள ஆக்களின்ர சங்கம் அண்ணை. குலம் மாதிரி."

"அப்ப சாதிச் சங்கமோ?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு யோசித்துப் பார்த்து, தெரியவில்லை என்றேன். அண்ணைக்கு அந்தப் பதிலே போதுமாக இருந்தது. பல நாட்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

பிரச்சினை புதிய துணைத் தலைவரோடு வந்தது. ஓய்வுபெற்ற வழக்கறிஞர். நெடிய மனிதர். இருண்ட பச்சைக்காரர். என்னோடு எப்போதும் மரியாதையாகத்தான் பேசுவார். ஒரு பொதுக்கூட்டத்தில் எழுந்து, சங்கத்தில் பதவி வகிப்பவர்கள் குலப்பெயரைப் பிறப்பால் உடையவர்களாக இருக்க வேண்டும் என்று ஒரு பிரேரணை கொண்டுவந்தார். இது யாரையும் குறிப்பிட்டு அல்ல என்று என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அந்த அறையில் கல்யாணத்தால் பெயர் வந்த பதவிக்காரி நான் ஒருத்திதான்.

நான் மாமாவைப் பார்த்தேன். தலைவர் என்ற முறையில் இதை ஒரு சொல்லில் நிறுத்த அவரால் முடியும் என்று நினைத்தேன். மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பிரேரணை விதிப்படி வந்திருக்கிறது, வாக்கெடுப்புக்கு விடலாம் என்றார். கைகள் உயர்ந்தன. என் பேரப்பிள்ளைக்கென்று கம்பளிச் சட்டை பின்னித் தந்த கிழவியின் கையும் உயர்ந்தது. எனக்கு இன்னும் பேரப்பிள்ளை கிடையாது. அவ்வளவு அன்பான மனுஷி. பிரேரணை நிறைவேறியது. என் சேவைக்கு நன்றி தெரிவித்து ஒரு தீர்மானமும் நிறைவேறியது. இரண்டையும் குறிப்பில் எழுதி எல்லோருக்கும் அனுப்பிவிடும்படி என்னையே கேட்டுக்கொண்டார்கள்.

மாமாவை வீட்டுக்கு ஏற்றிப் போனேன். குரோய்டன் டிராம் பாதையைக் கடக்கச் சிவப்பு விளக்கில் நின்றபோது அவரே தொடங்கினார்.

"நான் உனக்காக அதை நிறுத்தியிருந்தால், மருமகள் என்பதால்தான் நீ செயலாளராக இருக்கிறாய் என்று சொல்லியிருப்பார்கள்."

"அதனால்தானே இருந்தேன்?"

விளக்கு மாறியது. வண்டியை எடுத்தேன்.

"ஆம்," என்றார் மாமா. "அதுதான் சிக்கல்."

அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்குப் போய்க் கணவரிடம் கொட்டினேன். அவர் என் பக்கம்தான். ஆனால் நான் இனி அந்த விருந்துக்குச் சமைப்பவர்களோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை என்பதை நினைத்து மனதுக்குள் மகிழ்ந்துகொண்டிருந்தார். அது முகத்தில் தெரிந்தது. அதற்கும் சேர்த்துக் கோபப்பட்டேன்.

புதிய செயலாளராக, பிறப்பால் பெயருடைய ஒருவர் வந்தார். துணைத் தலைவரின் நண்பர். அந்த வருட விருந்து சட்டனில் வழக்கமான தேவாலய மண்டபத்தில் என்று அறிவித்தார். நான் மாமாவின் சாரதியாக மட்டும் போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. மண்டப வாசலில் இரண்டு பக்கமும் வாழை மரம் கட்டியிருந்தது.

மாமாவின் மங்கிய கண்ணுக்கும் அது தெரிந்தது. இது என்ன மரம் என்று கேட்டார். நான் காரிலேயே விஷயத்தைப் புரிந்துகொண்டேன். புதிய செயலாளர் மண்டபத்தைப் பற்றிப் பொறுப்பாளரோடு பேசியிருக்கிறார். பதிவை உறுதிப்படுத்த மறந்துவிட்டார். மண்டபம் எங்கள் தமிழ் ஆட்களில் ஒருவரின் மகளுடைய சாமத்திய வீட்டுக்கு, பிள்ளை பெரியவளான கொண்டாட்டத்துக்கு, போயிருந்தது.

வாசலில் ஒரு பக்கம் பட்டுச் சேலைகளும் கோட்டுகளும். மறுபக்கம் கட்டம் போட்ட கில்ட் பாவாடை கட்டி, முழங்கால் மழையில் நனைய, எங்கள் குலத்தார். புதிய செயலாளர் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றார். துணைத் தலைவர் ஹாகிஸ் தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு குடைக்குக் கீழே நின்றார். சாமத்திய வீட்டுக்கு வந்தவர்கள், சீர்த்தட்டு இந்தப் பக்கம் என்று அவருக்கு வழிகாட்டிக்கொண்டிருந்தார்கள்.

பிள்ளையின் தகப்பன் என்னைக் கண்டு ஓடிவந்தார். மருந்துக் கடைக்கு வருபவர், தெரிந்த முகம். மனிதருக்கு வியர்த்துக் கொட்டியது. எங்கள் குலத்தார் வந்து நிற்பது அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. அவருடைய கவலை வேறு. மேளக்காரர் நெடுஞ்சாலையில் விபத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டார்களாம். பிள்ளை குதிரை வண்டியில் வந்து தெருமுனையில் காத்திருக்கிறாள். குதிரைக்காரர் இன்னும் கொஞ்ச நேரத்தில் வேறு இடத்துக்குப் போக வேண்டும்.

"அக்கா, உந்தப் பை வச்சிருக்கிற ஆள் வாசிப்பாரோ?"

எங்கள் பைப் வாத்தியக்காரரைக் காட்டினார். நான் ஆங்கிலத்தில் விளக்கினேன். வாத்தியக்காரருக்கு நனைந்துகொண்டு நிற்பதைவிட வாசிப்பது மேல். பையைக் கக்கத்தில் இறுக்கி ஊத ஆரம்பித்தார். குதிரை வண்டி அசைந்து வந்தது. வீடியோக்காரர் பின்னோக்கி ஓடினார். வண்டியிலிருந்து பிள்ளை எட்டிப் பார்த்து, அம்மா, யார் இந்த ஆள் என்று ஆங்கிலத்தில் கேட்டது எனக்குக் கேட்டது. தாய் சிரிக்கச் சொன்னாள். பிள்ளை சிரித்தது. கூட்டம் கை தட்டியது.

மாமா என் காதருகே குனிந்தார்.

"இது சவ அடக்கத்துக்கு வாசிப்பது," என்றார்.

"வெளியே சொல்லாதீர்கள் மாமா."

"அவருக்கு நன்றாக வருவது இது ஒன்றுதான்."

பிள்ளையின் தகப்பன் எல்லோரையும் உள்ளே வரச் சொன்னார். சாப்பாடு தாராளமாகக் கிடக்கிறது, மழைக்குள் நிற்க வேண்டாம் என்றார். குலத்தார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் போனவர் கம்பளிச் சட்டைக் கிழவி. பிறகு ஒவ்வொருவராக எல்லோரும் போனார்கள். துணைத் தலைவர் மட்டும் ஹாகிஸோடு வெளியே நின்றார். குடை காற்றில் திரும்பிய பிறகு அவரும் வந்தார்.

அவரை ஒரு முதியவர் பக்கத்தில் இருத்தி வைத்தார்கள். அவர் துணைத் தலைவரிடம் முதல் கேள்வியாக எந்த ஊர் என்று கேட்டார். துணைத் தலைவர் சட்டன் என்றார். அதில்லை, சொந்த ஊர் என்றார் முதியவர். துணைத் தலைவர் மலைநாட்டுப் பள்ளத்தாக்கின் பெயரைச் சொன்னார். அங்கே யார் இருக்கிறார்கள் என்று முதியவர் கேட்டார். ஒருவரும் இல்லை, நிலச் சொந்தக்காரர்கள் ஆட்களைத் துரத்திவிட்டு ஆடு வளர்த்தார்கள், இப்போது அங்கே வெறும் சுவர்தான் நிற்கிறது என்றார் துணைத் தலைவர். நான் மொழிபெயர்த்தேன். முதியவர் என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டார்.

"வீடு எரிச்சவங்களோ, இல்லாட்டி இடிச்சவங்களோ?"

கேட்டுச் சொன்னேன். கூரையை எரித்தார்களாம். முதியவர் தலையாட்டி, தம் தட்டில் இருந்த வடையை எடுத்துத் துணைத் தலைவரின் தட்டில் வைத்தார். எங்கள் துணைத் தலைவர் மற்றவர் தட்டிலிருந்து எதையும் எடுத்துச் சாப்பிடும் மனிதர் அல்ல. ஆனால் அதைச் சாப்பிட்டார். அன்றைக்கு முழுவதிலும் எனக்குச் சிரிப்பு வராத இடம் அது ஒன்றுதான்.

ஹாகிஸையும் மேசையில் வைத்தார்கள். எங்கள் தமிழ் ஆட்கள் அதன் பக்கத்தில் மிளகாய்ச் சம்பலை வைத்துச் சாப்பிட்டு முடித்துவிட்டார்கள்.

அடுத்த பொதுக்கூட்டத்தில் துணைத் தலைவர் தாமே எழுந்து, "பிறப்பால்" என்ற சொல்லுக்குப் பின்னால் "அல்லது திருமணத்தால்" என்று சேர்க்க வேண்டும் என்றார். மண்டபத்தில் ஒரு நிம்மதி பரவியது. மாமா அனுமதிக்கவில்லை. உரிய காலத்தில் அறிவித்தல் கொடுக்கப்படவில்லை, எனவே அடுத்த வருடம்தான் எடுக்கலாம் என்றார். துணைத் தலைவர் முகம் சிவந்து, தலைவர் தம் சொந்த மருமகளுக்கே அநியாயம் செய்கிறார் என்றார். மாமா அமைதியாக, அது தலைவரின் கவலை அல்ல, மாமனாரின் கவலை என்றார்.

அந்த வருடம் முழுவதும் எல்லா வேலையும் பதவியில்லாமல் நானே செய்தேன். புதிய செயலாளர் முதுகுவலி என்று ஒதுங்கிக்கொண்டார். துணைத் தலைவர் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தொலைபேசி எடுத்து, அதிகாரபூர்வமாக அல்ல என்று சொல்லிவிட்டு எல்லாவற்றையும் கேட்பார்.

மறு வருடம் பிரேரணை ஒருமனதாக நிறைவேறியது. மாமாவின் கையும் உயர்ந்தது. மீண்டும் என்னைச் செயலாளராக முன்மொழிந்தார்கள். கணவரும் நானும் முதல் நாள் பேசி முடிவெடுத்திருந்தோம்: மறுப்பது. மரியாதையாக, ஆனால் கொஞ்சம் உறைக்கும்படி எப்படிச் சொல்வது என்று குளியலறைக் கண்ணாடி முன்னால் பழகிக்கூடப் பார்த்திருந்தேன்.

எழுந்து நின்றேன். தொண்டையைச் செருமிக்கொண்டேன். அப்போது கம்பளிச் சட்டைக் கிழவி பின்வரிசையிலிருந்து, சமையலறை அலுமாரி பூட்டிக் கிடக்கிறது, திறப்பு யாரிடம் இருக்கிறது, கோப்பைகள் உள்ளே இருக்கின்றன என்று கேட்டார்.

"என்னிடம் இருக்கிறது," என்றேன்.

எல்லோரும் கை தட்டினார்கள். நான் பதவியை ஏற்றுக்கொண்டதாக நினைத்துவிட்டார்கள். மாமா அடுத்த விடயத்துக்குப் போனார். அது பச்சையைப் பற்றியது. நான் போய் அலுமாரியைத் திறந்தேன்.