நாற்பத்து நான்காவது ரன்

ஸ்காபரோவில் நான் ஆங்கிலம் படிக்கப் போன வகுப்பில் பக்கத்து மேசை ஒரு சீனருக்கு. தன் நாட்டில் எஞ்சினியராக இருந்தவர், என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். அதனால் அவரை ‘அண்ணை’ என்று கூப்பிட்டேன். அது மரியாதை என்று விளங்கியதும் அவரும் என்னை ‘அண்ணை’ என்றே கூப்பிடத் தொடங்கிவிட்டார்.

அவரிடம் ஒரு சிவப்புக் கொப்பி இருந்தது. அதில் ‘ரன்’ என்ற ஒரே சொல்லுக்கு நாற்பத்து மூன்று அர்த்தம் எழுதி வைத்திருந்தார். எனக்குத் தெரிந்தது இரண்டே இரண்டு: ஓடுவது, கிரிக்கெட் ரன். கனடாவிலோ மூக்கு ஓடுகிறது, கடை ஓடுகிறது, தேர்தலில் ஆட்கள் ஓடுகிறார்கள், பால் முடிந்தால் அதுவும் ஓடிவிடுகிறது. எனக்கு வயிறு எரிந்தது. மேல்வகுப்பில் ஒரே ஓர் இடம்தான் மிச்சம். வெள்ளிக்கிழமை காலை ஆசிரியை எங்கள் இருவரோடும் பேசிப் பார்த்து ஒருவரை அனுப்புவார். போனால் அலுவலக வேலை தேடலாம். போகாவிட்டால் கோப்பை கழுவும் வேலையே கதி.

கொப்பியைக் கேட்டேன், தரவில்லை, திறந்தும் காட்டவில்லை. ஆனால் பெருமை யாரை விட்டது? ஒவ்வொரு அர்த்தத்தையும் பஸ் தரிப்பிடத்தில் நடித்துக் காட்டினார். நானும் கூடவே மூக்கைச் சீறி, இல்லாத வாக்காளர்களுக்குக் கையசைத்துப் பாடமாக்கினேன். எங்கள் கட்டடத்துப் பன்னிரண்டாம் மாடி அன்ரி இதைப் பஸ்ஸுக்குள் இருந்து பார்த்துவிட்டார்.

“உங்களுக்கென்ன விசரே?” என்றாள் மனைவி. “ரோட்டில நிண்டு ஆரோ சீனாக்காரரோட ஆடுறியளாம்.”

“உது ஆட்டமில்லையப்பா. சோதினைக்குப் படிக்கிறம்.”

கிரிக்கெட் ரன் அவருடைய கொப்பியில் இல்லை என்பது வெள்ளிக்கிழமை காலை தரிப்பிடத்தில்தான் தெரிந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. குடையை மட்டையாக்கினேன். பனியை உருட்டிப் பந்து போடச் சொன்னேன். ஓங்கி அடித்தேன். பந்து தூளாகிப் போயிற்று, எங்கள் பஸ்ஸும் போயிற்று.

ஐந்து தரிப்பிடத் தூரம் ஓடினோம். அவர் ஓடினார் என்பதுதான் சரி. மூன்றாவதிலேயே எனக்கு மூச்சு முட்டியது. அவர் எனக்காக நின்று நின்று ஓடினார்.

எப்படி வந்தீர்கள் என்று வாசலிலேயே ஆசிரியை கேட்டார். நாற்பத்து நான்கு அர்த்தமும் தெரிந்த எனக்கு ‘ரன்’ என்ற சொல் மட்டும் வரவில்லை.

“வீ வோக் வெரி ஃபாஸ்ட்” என்றேன்.

சீன அண்ணைக்கு வந்ததே கோபம். “நோ! ஹீ வோக். ஐ ரன்! ஐ வெயிட் ஃபோர் ஹிம், ஐ ரன் அகெய்ன்!”

ஆசிரியை சிரித்துச் சிரித்து, இடத்தை அவருக்கே கொடுத்துவிட்டார். அவர் சொன்னது முழு உண்மை. ஆனாலும் இரண்டு நாள் கோபமாகத்தான் இருந்தேன்.

திங்கட்கிழமை அவர் மேல்வகுப்புக்குப் போகுமுன் என் மேசைக்கு வந்தார். “அண்ணை” என்று கொப்பியை இரண்டு கைகளாலும் நீட்டினார். அடுத்த முறை இடம் எனக்குத்தான் என்று ஆசையோடு திறந்தேன். நாற்பத்து மூன்று அர்த்தமும் சீனத்தில் எழுதியிருந்தது. கடைசியாக, நாற்பத்து நான்காவதற்கு மட்டும் ஒரு படம் கீறியிருந்தார்: பெரிய வண்டி வயிற்றோடு ஒரு மனிதர், கையில் குடை.

அந்தக் கொப்பியில் எனக்கு விளங்கியது அது ஒன்றுதான்.