கடைசியில் வாசிக்கப்பட்ட பிறந்தநாள்

வானொலி நிலையத்தில் அவளைத் தேதியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட வயதில் மூத்த மேலாளருக்கும் அவள் அக்காதான். தொலைபேசி எடுக்கும் வேலைக்கு வந்தவள். நேயர் விருப்பத்தில் யார் என்ன பாட்டுக் கேட்கிறார்கள் என்று விசாரித்து அறிவிப்பாளருக்கு இணைப்புக் கொடுப்பாள். ஒருநாள் ஒரு விளம்பரம் வந்துசேராமல் நிகழ்ச்சியின் நடுவில் ஓட்டை விழுந்தது. “இன்னைக்கு அந்த டிரம்ஸ்காரர் பொறந்த நாள், அதைச் சொல்லுங்களேன்” என்றாள். சொன்னார்கள், கேட்டவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து காலைச் செய்திக்குப் பின்னால் வரும் ‘இதே நாளில்’ அவள் தலையில் விழுந்தது. தொலைபேசியும் அவள் மேசையைவிட்டு நகரவில்லை.

பாட்டு உலகத்தில் ஒன்றுமே நடக்காத தேதி கிடையாது என்பது அவள் கட்சி. எங்காவது ஒரு பாடகி பிறந்திருப்பாள், ஏதாவது ஓர் இசைக்குழு மேடையிலேயே சண்டைபோட்டுப் பிரிந்திருக்கும், யாராவது ஒரு கிடார்காரர் கண்ணை மூடியிருப்பார். பழைய இசைத்தட்டு உறைகளையும் பத்திரிகைகளையும் துழாவுவாள். சந்தேகம் வந்தால் சம்பந்தப்பட்ட வீட்டுக்கே போன் போடுவாள். “அம்மா, உங்க வீட்டுக்காரர் தவறினது எந்தத் தேதி?” என்று காலங்காத்தால கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

வாசிக்கும் வரிசை மட்டும் மாறாது. முதலில் பிறந்தவர், பிறகு நடந்தது, கடைசியில் இறந்தவர். இறந்தவர் வரும்போது அடியில் ஒரு வயலின் இழையும். ஊரில் பாதிப் பேர் பல் தேய்த்துக்கொண்டே கேட்கிறவர்கள். வயலின் சத்தம் வந்தால் “ஐயோ, யாரு?” என்று குழாயை மூடுவார்கள்.

அன்றைய தேதியில் வெல்வெட் அண்ணனுக்குப் பிறந்தநாள். ஒரே பாட்டில் ஊரைக் கட்டிப்போட்டவர் அவர். அந்தக் காலத்தில் போட்டிருந்த வெல்வெட் கோட்டே அவருக்குப் பேராயிற்று. அடுத்த பாட்டு எடுபடவில்லை. ஓட்டல்களில் சாப்பிடுகிறவர்கள் நடுவே நின்று பாடினார். அதுவும் போய், பள்ளிப் பேருந்து ஓட்டினார். துறைமுக ஊழியர் மன்றத்து ஆண்டுவிழாவில், வெகுகாலத்துக்குப் பின், அன்று மாலைதான் மறுபடி மேடையேறுவதாக இருந்தார்.

அந்தத் தேதியில் இறந்தவர் என்று தேதியக்காவுக்கு ஒருவரும் அகப்படவில்லை. கடைசி இடம் காலி. நம்ம ஊர்க்காரர், நல்ல இடமாகக் கொடுப்போம் என்று வெல்வெட் அண்ணனைக் கடைசிக்கு நகர்த்தினாள். கொஞ்சம் உருகியும் எழுதிவிட்டாள். “ஒரே பாட்டால் நம் நெஞ்சில் என்றும் நிலைத்திருப்பவர்” என்று முடித்திருந்தாள். தொடக்கத்தில் ‘பிறந்தார்’ என்றுதான் இருந்தது. ஆனால் அறிவிப்பாளர்ப் பெண் கடைசிப் பகுதி வந்ததும் கைப்பழக்கத்தில் வயலினை ஏற்றிவிட்டாள். அதற்குப் பிறகு வார்த்தை யார் காதில் ஏறும்?

முதல் அழைப்பு உடனே வந்தது. “நல்ல மனுஷன்மா. எப்படி ஆச்சு?”

“யாருக்கு?”

“என்னம்மா, நீங்கதானே இப்ப சொன்னீங்க!”

தேதியக்கா அந்த இணைப்பை வைத்தாள். வெல்வெட் அண்ணன் வீட்டுக்கு அடித்தாள். அவர் மனைவிதான் எடுத்தார்.

“காலையிலேயே எங்க வீட்டுக்காரரை அனுப்பி வச்சிட்டீங்களே, நல்லா இருப்பீங்களா? வாசல்ல பூவோட நிக்கறாங்க. இவரு பனியனோட போய்க் கதவைத் திறக்க, ஒரு பொம்பளை மயக்கமே போட்டுட்டா!”

பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது. “ரேடியோவா? இப்படிக் கொடு.” போன் கை மாறியது. “தங்கச்சி, செத்ததா சொல்லிட்டாங்க, அது போகுது. மன்றத்துச் செயலாளர் சாயங்காலத்துக்கு வேற ஆளைப் பாடச் சொல்லிட்டாராம். என் படத்தைப் பெரிசாக்கக் கொடுத்திருக்காராம்.”

“நீங்க அவர்கிட்ட பேசலையாண்ணே?”

“பேசினேனே! ‘செத்த மனுஷன் பேர்ல விளையாடறியா, நீ உருப்படுவியா’ன்னு வச்சிட்டாரு.” குரலைத் தாழ்த்தினார். “இன்னைக்கு விட்டா அப்புறம் என்னை யாரும்மா கூப்பிடப் போறாங்க?”

அவள் நேரே மேலாளர் அறைக்குப் போனாள். மறுப்புச் சொல்ல வேண்டும் என்றாள்.

“செத்துட்டார்னு நாம சொன்னோமாக்கா? சொல்லாததுக்கு எப்படி மறுப்பு? ‘அவர் சாகலை’ன்னு சொன்னா, காலையில கேக்காதவனும் பயந்துடுவான். ரெண்டு நாள்ல மறந்துடும், விடுங்க.”

“அவருக்கு இன்னைக்கு சாயங்காலம் கச்சேரி சார்.”

“அதுக்கு நான் போய்ப் பாடவா?”

திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒலிபரப்புக் கூடத்தில் நேயர் விருப்பம் தொடங்க இருந்தது. அறிவிப்பாளர்ப் பெண் அழுது மூக்குச் சிவந்து மைக்கின் முன் இருந்தாள். கண்ணாடிக்கு இப்பால் தொலைபேசியில் சிவப்பு விளக்குகள் மினுக்கின. தேதியக்கா எல்லாவற்றையும் காக்கவைத்துவிட்டு, மறுபடி அந்த வீட்டுக்கே அடித்தாள்.

“அண்ணே, நீங்க ஒரு பாட்டுக் கேக்கணும்.”

“இப்ப எனக்குப் பாட்டு ஒண்ணுதான் குறைச்சல். எந்தப் பாட்டு?”

“உங்க பாட்டுதான்.”

“என் பாட்டை நானே கேட்டா ஊர் சிரிக்கும்மா.”

“சிரிக்கட்டுமே. காலையிலிருந்து அழுதுகிட்டிருக்கு.”

இணைப்பு உள்ளே போனது. வழக்கமான கேள்விகள்தான்.

“வணக்கம், யார் பேசறீங்க?”

முழுப் பெயரைச் சொன்னார். “வெல்வெட்டுன்னா தெரியும்” என்றும் சேர்த்தார்.

அறிவிப்பாளர்ப் பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். ஆனாலும் எல்லாரிடமும் கேட்பதையே கேட்டாள். “எப்படி இருக்கீங்க?”

“இருக்கேம்மா.”

“பாட்டு யாருக்காக?”

“எனக்குத்தான். இன்னைக்குப் பொறந்தநாள். வீட்ல வாழ்த்தக்கூட ஆளில்லை.”

“நான் வாழ்த்தலையா? எழுந்ததும் சொன்னேனா இல்லையா?” என்று பின்னாலிருந்து அவர் மனைவி போட்ட சத்தமும் ஊர் முழுக்கப் போயிற்று.

மேலாளர் கண்ணாடிக்கருகே வந்து நின்றார். இது மறுப்பு அல்ல, நேயர் விருப்பம். கழுத்தைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்.

பாட்டு முடிவதற்குள் மன்றத்துச் செயலாளர் அழைப்பில் இருந்தார். “நெஜமாவே இருக்காரா?”

“அவர் சம்சாரம் போட்ட சத்தம் உங்களுக்குக் கேக்கலையா?”

“அவருக்குப் பதிலா பாட ஒரு பையனை வரச் சொல்லிட்டேனே...”

“அவன் முதல்ல ரெண்டு பாட்டுப் பாடட்டும்.”

“படம் வேற பெரிசு பண்ணியாச்சும்மா.”

“வாசல்ல வைங்க. கூட்டம் வரும்.”

வந்தது. பாதிப் பேர் பாட்டுக்கு, பாதிப் பேர் ஆள் இருக்கிறாரா என்று பார்க்க. தேதியக்கா பின்சுவர் ஓரமாக நின்றாள். வெல்வெட் அண்ணன் மேடைக்கு வந்ததும் கைதட்டல் ஓயவில்லை. வாத்தியக்காரர்கள் தொடங்கித் தொடங்கி நிறுத்தினார்கள்.

“போதும், உக்காருங்கப்பா” என்றார் அவர். “பாடத்தான் வந்தேன்.”

பாடினார். மேலே போகும் இடத்தில் குரல் ஏறவில்லை. நிறுத்தினார். சுருதியைக் குறைக்கச் சொல்லிவிட்டு, சாவகாசமாக முதலிலிருந்து ஆரம்பித்தார். இந்தத் தடவை அந்த இடத்தைத் தாண்டினார். ஒருவரும் எழுந்து போகவில்லை.

செயலாளர் மெல்ல நகர்ந்து தேதியக்கா பக்கம் வந்தார். “அடுத்த மாசம் ஒரு வரவேற்பு இருக்கு. இவரையே வைக்கலாம்னு பாக்கறேன். கேட்டா ஒத்துக்குவாரா? காலையில போன்ல கண்டபடி திட்டிட்டேனே.”

“இப்பவே மேடைக்குப் பின்னாடி போய்க் கேளுங்க” என்றாள் அவள். “போன்ல மட்டும் வேணாம்.”