கம்பி வைத்த சப்பாத்து

பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் விதுஷாவுக்கு முதல் பிள்ளை பிறந்தபோது, தாதி முதலில் காட்டியது பிள்ளையின் கால்களைத்தான். இரண்டு பாதங்களும் உள்பக்கமாக மடங்கி, உள்ளங்கால்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. "பயப்படாதீங்க, இதுக்கு வைத்தியம் இருக்கு" என்று தாதி சொன்னது காதில் விழுந்தது, மனசில் இறங்கவில்லை.

பிள்ளைக்குத் துவாரகா என்று பேர் வைத்தார்கள். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்கு வந்த அன்றே பேச்சு தொடங்கிவிட்டது. கிரகணத்தன்று வயிற்றுப் பிள்ளையோடு வெளியே போயிருப்பாள் என்றாள் பக்கத்துக் காம்பராக்காரி. அதிலிருந்து விதுஷா பிள்ளையைக் குளிப்பாட்டும்போதுகூடக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தோட்டத்து மருத்துவிச்சியான மிட்வைப் மிஸ்தான் ஒரு நாள் வந்து கண்டிப்பாகச் சொன்னார். "பதுளை பெரியாஸ்பத்திரியில இதுக்குன்னே கிளினிக் இருக்கு. எலும்பு இளசா இருக்கிறப்பவே போகணும். வாராவாரம் போகணும் விதுஷா, நடுவுல விட்டுறக் கூடாது."

புருஷன் ரஜீவுக்குத் தேயிலை ஃபெக்டரியில் ராத்திரி வேலை, பகலில் தூக்கம். அதனால் அவள் தனியாகவே கிளம்பினாள். பண்டாரவளைக்கு ஒரு பஸ், அங்கிருந்து பதுளைக்கு இன்னொரு பஸ். மடியில் பிள்ளை, தோளில் பை.

கிளினிக்கில் ஜஸீல் டொக்டர் பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தடவி வெளிப்பக்கம் திருப்பி, விரலிலிருந்து தொடை வரைக்கும் மாவுக்கட்டுப் போட்டார். பிள்ளை வீறிட்டது. விதுஷாவுக்குப் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடலாம் போல இருந்தது.

"வலியில அழலம்மா. காலை அசைக்க விடலைன்னு கோபம்" என்றார் டொக்டர். "நீங்க பால் குடுங்க, நான் பாட்டுக்குக் கட்டுறேன்."

பால் குடித்துக்கொண்டே துவாரகா தூங்கிப்போனாள். அன்றைக்குத்தான் விதுஷாவுக்கு அந்த மனிதர்மேல் நம்பிக்கை வந்தது. ஒவ்வொரு முறை கட்டைப் பிரிக்கும்போதும் பாதம் இன்னும் கொஞ்சம் நேராகியிருக்கும். கடைசியில் குதிகால் தசைநாரில் சின்னதாக ஒரு வெட்டு. அது ஆறியதும் நடுவில் கம்பி வைத்து இணைத்த ஒரு சோடி சப்பாத்து கொடுத்தார்கள்.

"இப்ப பகலும் ராவும் இது காலிலேயே இருக்கணும். குளிப்பாட்ட மட்டும் கழட்டுங்க. இல்லாட்டி கால் பழையபடி திரும்பிரும்" என்றார் டொக்டர்.

விதுஷா மறுபடி கொழுந்தெடுக்க மலைக்குப் போகத் தொடங்கினாள். ஃபெக்டரியிலிருந்து வந்து தூங்கி எழுந்து, பிள்ளையைப் பார்த்துக்கொள்வது ரஜீவின் பாடு. ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டதால் வேலையைச் சீக்கிரம் நிறுத்திவிட்டார்கள். நனைந்துகொண்டு வீட்டுக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றாள். துவாரகா பாயில் படுத்து வெறுங்காலை உதைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். சப்பாத்து ஜன்னல் திண்டில் கிடந்தது.

"என்னங்க இது?"

ரஜீவ் தலையைக் குனிந்துகொண்டான். "ரொம்ப அழுகுது புள்ள. பார்க்க முடியல. நீ வர்றதுக்குள்ள மாட்டிருவேன்."

"தினமுமா?"

"நீ மலைக்குப் போனப்புறம்தான்" என்று அவன் எழுந்து சப்பாத்தை எடுத்து வந்தான். விதுஷா உட்கார்ந்து வலது பாதத்தைக் கையில் எடுத்தாள். கொஞ்சம் உள்ளே சாய்ந்திருந்தது. சில நாளாகவே அவளுக்கு அப்படித் தோன்றியிருந்தது. தன் கண்தான் பொய் சொல்கிறது என்று இருந்துவிட்டாள். ஈரச் சேலையோடு வெகுநேரம் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த தடவை நீங்களும் வாங்க. இனிமே நான் மட்டும் போகமாட்டேன்" என்றாள்.

வலது காலுக்குத் திரும்பவும் சில வாரம் கட்டுப் போட வேண்டும் என்றார் டொக்டர். ஏச்சு விழப்போகிறது என்று ரஜீவ் சுவரோரமாக ஒதுங்கி நின்றான்.

"பாவம் பார்த்துத்தானே கழட்டினீங்க? நிறைய வீட்டுல நடக்கிறதுதான்" என்றார் அவர். "இங்க வாங்க. இந்த முழங்காலை நீங்க பிடிங்க."

ரஜீவ் வந்து பிடித்துக்கொண்டான். டொக்டர் பாதத்தைத் திருப்பத் திருப்ப அது இணங்கி வருவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தான். கட்டுப் போட்டு முடிந்ததும் அவனே பேச்சுக் கொடுத்தான்: "சப்பாத்துப் போட்டா ஏன் டொக்டர் இப்படி அழுகுது?"

"ஒத்தைக் காலை உதைக்கப் பார்க்குது. கம்பி விடாது. ரெண்டு காலையும் சேர்த்து மடக்கி நீட்டப் பழக்குங்க, அப்புறம் அதுவே விளையாட்டாகிரும்."

கட்டுப் பிரித்தபின் ரஜீவ் அதைத்தான் செய்தான். கம்பியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டி, பஸ் ஓட்டுகிறமாதிரி சத்தம் போடுவான். "பண்டாரவளை, பண்டாரவளை! ஏறுங்க, ஏறுங்க!" துவாரகா கலகலவென்று சிரிப்பாள். கொஞ்ச நாளில் அவளே இரண்டு காலையும் தூக்கிக் கம்பியைத் தரையில் டொம் டொம்மென்று அடிக்கக் கற்றுக்கொண்டாள். அந்தச் சத்தம் பக்கத்துக் காம்பரா வரைக்கும் கேட்கும். விதுஷா இப்போது கதவைச் சாத்துவதில்லை.

துவாரகா கொஞ்சம் பிந்தித்தான் நடந்தாள். தூங்கும்போது மட்டும் சப்பாத்துப் போட்டால் போதும் என்று டொக்டர் சொல்லி நாளாகிவிட்டது. இப்போதெல்லாம் காலையில் விதுஷா, வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவுக்குத் தூக்கிக்கொண்டு போகக் கையை நீட்டினால், "வேணாம்மா, நான் நடந்து வாறேன்" என்று சொல்லிவிட்டு, பாதங்களை நேராக ஊன்றி முன்னால் இறங்கிப் போகிறாள்.