பொட்டு வைத்த வெற்றிடப் பெட்டி

அன்று பட்டறையில் இருந்தது நான்கு பேர்: முதலாளி, வெல்டர் அண்ணன், தண்டலம் பக்கத்துக் கல்லூரியிலிருந்து பெட்டியை எடுத்துப்போக வந்த மேடம், நான். ஐந்தாவதாக யாரும் இல்லை. பழியைத் தூக்கிப் போட ஆள் கிடையாது.

பூசணிக்காய் அளவு ஸ்டீல் பெட்டி அது. உள்ளிருக்கும் காற்றையெல்லாம் உறிஞ்சிவிட்டு, மின்னேற்றிய சில அணுக்களை அந்தரத்தில் வரிசையாக நிறுத்துவார்களாம். வேறு பொருள்களில் அணுக்கள் எப்படி நடந்துகொள்ளும் என்று கணக்குப் போட்டு மாளாததை, இவற்றை அப்படி ஆட வைத்தே பார்த்துக்கொள்வார்களாம். ஒன்பதாவதோடு நின்றவன் நான், புரிந்தது ஒன்றுதான். மிச்சக் காற்று துளி மோதினாலும் வரிசை கலைந்துவிடும். விரல் பட்ட பிசுக்குகூட மாதக்கணக்கில் ஆவியாகிக்கொண்டிருக்கும். அதனால்தான் எங்களுக்குக் கையுறை.

பெட்டி தேறினால்தான் கல்லூரியிலிருந்து மீதிப் பணம் வரும், வந்தால்தான் என் இரண்டு மாதச் சம்பளம் என்று முதலாளி சொல்லியிருந்தார். மூடியின் பதினாறு போல்ட்டையும் மூன்று முறை எண்ணினேன்.

மேடம் குனிந்து பெட்டியின் அடியைப் பார்த்தார்.

"இது என்னண்ணா, சந்தனமா?"

"வெளிய போற வேலைக்கெல்லாம் பொட்டு வெப்போம் மேடம்," என்றார் முதலாளி.

"வெளிப்பக்கம்தானே, தொடச்சுக்கலாம்."

பொட்டு வைத்தது நான். கையுறையோடுதான் வைத்தேன். அதே கையுறையோடுதான் காற்றுப் புகாமல் அடைக்கும் செம்பு வளையத்தை உட்கார வைத்து மூடியையும் முடுக்கினேன். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. பெட்டியை வண்டிக்குத் தூக்கினார்கள்.

"இருங்க மேடம்," என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"உள்ள இருக்கிற அணுவுக்கும் பொட்டு வெச்சுட்டியா நைனா?" என்றார் வெல்டர் அண்ணன்.

"இன்னாடா, கல்யாணப் பொண்ணா அது?" முதலாளி பல்லைக் கடித்தார்.

மேடம் சிரிக்கவில்லை. "இப்பவே சொன்னீங்களே, நல்லதுண்ணா. உள்ள ஒட்டின ஈரம் போக நாங்க சூடு பண்ணுவோம், அப்படியே பண்ணியிருந்தா உள்ளயே கருகி ஒட்டிக்கும். பிரிச்சுக் கழுவிக்கிறோம். ஆனா உள்ள காத்தோட ப்ரெஷர் இறங்கினாத்தான் பில்லு பாஸாகும்."

கல்லூரியில் கழுவிப் பத்து நாள் சூடேற்றிவிட்டார்கள். தினமும் சாப்பாட்டு வேளையில் மேடத்துக்குப் போன் செய்கிறேன். "இறங்கிட்டே இருக்குண்ணா, இன்னும் கொஞ்சம்," என்கிறார். அந்தக் கொஞ்சம் என் சந்தனமா என்று கேட்கப் பயம். மேசையில் அடுத்த பெட்டி உட்கார்ந்திருக்கிறது. பொட்டு வைக்கவும் பயம், வைக்காமல் அனுப்பவும் பயம். எனக்கு வரவேண்டியது இன்னும் அப்படியே நிற்கிறது: முப்பத்தாறாயிரம் ரூபாய்.